கன்னிமார் கல்லோரம் போட்ட போர்

ஆழ்துளைப் போர் போட வந்த அந்த ரிக் வண்டிக்காரர்களுக்குக் கண் பிடரியில்தான் இருந்திருக்க வேண்டும். சந்திரசேகர் காட்டில், நீரோட்டம் பார்த்தவர் மஞ்சள் தடவி ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார். இவர்கள் அதை விட்டுவிட்டு, பக்கத்துக் காட்டில் வசந்தாமணி வீட்டார் தலைமுறையாகக் கும்பிடும் கன்னிமார் கல்லோரம் போரை இறக்கிவிட்டார்கள். அதற்கும் மஞ்சள்தானே பூசியிருந்தது! வசந்தாமணியும் அவள் புருஷன் சின்னுசாமியும் சங்ககிரியில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கிறது.

சின்னுசாமி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கிணறு வறண்டு போய், காய்கிற தென்னைகளை எப்போது வெட்டுவது என்று அன்று காலையில்தான் இருவரும் பேசியிருந்தார்கள்.

சந்திரசேகர் இருப்பது பெங்களூரில். ரிக்குக்கான பணத்தை அங்கிருந்தே அனுப்பிவிட்டான். இடம் மாறிப்போனது தெரிந்ததும் வண்டிக்காரன் முகம் செத்துப்போயிற்று. சின்னுசாமியிடம் குனிந்து சொன்னான்: "நீங்க வாயத் தொறக்காதீங்க. தண்ணியில்ல, வெறும் பொகதான் வந்துச்சுன்னு நானே சொல்லீர்றனுங்க. அவரு எங்க வந்து பாக்கப் போறாரு?"

"கன்னிமாரே குடுத்த தண்ணி, மணி," என்றார் சின்னுசாமி.

வசந்தாமணிக்கு ஆசை இல்லையா? பொய் எதற்கு, தொண்டைவரை ஆசை! அவள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த தென்னைகள் அவை. ஆனாலும் அந்தக் கல்லை ஒருதரம் பார்த்துத் தொலைத்தாள். போனை எடுத்துவிட்டாள்.

"தம்பி, தண்ணி வந்துருச்சுங்க. ஆனா எடம் தவறி எங்க காட்டுல போட்டுட்டாங்க. வந்து பாருங்க."

சின்னுசாமி எழுந்து போனவர்தான். அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை.

மறுநாளே காரில் வந்து இறங்கினான் சந்திரசேகர். "அக்கா, நீங்க தெய்வமுங்க," என்று கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்குவதற்குள், போர் செலவைக் கொடுங்கள், இல்லாவிட்டால் போரும் கல்லும் இருக்கிற அந்த மூலையை எழுதிக் கொடுங்கள் என்றான். இவர்களிடம் பணம் ஏது?

"தண்ணிய மொறை வெச்சுப் பாய்ச்சிக்கலாங்களா தம்பி?"

"அதுக்கென்னுங்க்கா, பாத்துக்கலாம்."

நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் பதிந்ததும் வேலி வந்தது, கேட் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தென்னைகள் செங்கல் சூளைக்குப் போயின.

ஆடியில் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கப் போனால், கேட்டில் பூட்டு. சந்திரசேகருக்குப் போன் செய்தாள்.

"வாட்ச்மேன் வருவாருங்க்கா. அவரு கூடவே உள்ள போய்ட்டு, அவரு கூடவே வந்துருங்க. தப்பா நெனைக்காதீங்க, மோட்டார் ஒயரு அடிக்கடி காணாமப் போவுது. யாரையும் நம்ப முடியறதில்லைங்க."

அன்றைக்கு அவள் சொல்லாமல் இருந்திருந்தால் போரையே வாயில் போட்டு முழுங்கியிருக்கலாம். அவளைப் பார்த்தா ஒயர் திருடுவாள் என்கிறான், பாவி? போனை வைத்துவிட்டு, வேலிக்கு வெளியே அடுப்புக்கு மூன்று கல்லைக் கூட்டினாள். டேங்கர்க்காரனிடம் விலைக்கு வாங்கிய தண்ணீரைப் பானையில் ஊற்றினாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ பாத்துட்டுத்தான இருந்தே, தாயி?" என்று வேலிக்குள் இருந்த கன்னிமார் கல்லைப் பார்த்துக் கேட்டாள்.

பின்னால் சின்னுசாமி சுள்ளிக்கட்டை இறக்கிப் போட்டார். இத்தனை மாதம் கழித்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அதுகிட்ட ஏன் கேக்கற? அது இப்ப அவன் காட்டுச் சாமி."