ஓரம் வரைக்கும்

மருமகன் மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடித்தபோது, பெரியவர் அவன் சட்டைக் காலரைப் பற்றிப் பின்னால் இழுத்தார்.

"என்ன மாமா?"

"முதல்ல உங்கம்மாவைப் பாருடா."

தங்கை மேஜையின் மறுபக்கம் நின்றாள். அழவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு கையைக் கம்ப்யூட்டர் மேல் வைத்திருந்தாள். உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் தங்கையின் கணவர், மாப்பிள்ளைதான், ரிப்பேருக்கு வந்த ஒரு சி.டி. டிரைவை மாட்டிச் சோதனையை ஓடவிட்டார். டீயோடு வந்த தங்கை கூப்பிட்டுப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்தபடியே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளையை உள்ளறைக் கட்டிலில் கிடத்தினார்கள். சோதனை மட்டும் நிற்கவில்லை.

"அவரு வச்சது. முடியட்டும்" என்றாள் தங்கை.

"வண்டி வந்துடும்மா. பாதி வாசலை இந்த மேஜை அடைச்சிட்டிருக்கு. இதை நகர்த்தாம அப்பாவை எப்படி வெளிய கொண்டுபோறது?"

"ஓடறப்ப அசைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வீட்டில் பேச்சு வருமுன்னே பிள்ளைகள் கற்றுக்கொண்டது அது.

பெரியவருக்கு வேறு பயம். அது அந்த டிரைவைப் பற்றியது.

லாரி ஓட்டிப் பிழைத்தவர் அவர். மனுஷனையும் நம்பமாட்டார், மெஷினையும் நம்பமாட்டார். டீசல் போட்டால் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். தங்கைக்கு இந்த மாப்பிள்ளை என்றபோது, "தட்டு சுத்தறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்.

ஆனால் அப்போது இந்த வாசலில் செருப்பு விட இடமிருக்காது. பாட்டு நிக்குது, படம் திக்குது என்று டிரைவைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மாப்பிள்ளை கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கை வைத்திருந்தார். எந்த டிரைவானாலும் அதைப் போட்டுத்தான் படிக்கவிடுவார். நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் படித்துக்கொண்டே போகும். திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறும். கொஞ்சம் ஏறியதுமே, "அதான் படிக்குதே, குடுங்க" என்பார்கள். கொடுக்கமாட்டார். "நடுவுல எல்லாம் நல்லாத்தான் படிக்கும். ஓரத்துலதான் திணறும்" என்பார்.

லாரியை விட்டபின் பெரியவரும் மத்தியானங்களில் ஸ்டூலைப் போட்டு அங்கே உட்கார்ந்தார். தங்கை வீட்டுக்காரன் ஊரை ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் வருவதாகச் சொல்லிக்கொண்டார். இருவரும் அதிகம் பேசியதில்லை. டிரைவ் கீறலில் மாட்டி முனகும், பின்வாங்கும், மறுபடி முட்டும். பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் இழுப்பதுபோல.

"கியரைக் குறைங்க மாப்பிள்ளை, இழுக்காது."

மாப்பிள்ளை திரும்பாமலே சிரிப்பார். ஜன்னல் வெயில் தரையைக் கடந்து சுவரில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் பார்த்த மத்தியானங்களில் அவைதான் நல்ல மத்தியானங்கள்.

அப்புறம் டிஸ்க்கின் காலம் போயிற்று. ஆள் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் குளித்து, சட்டை மாட்டி, வெறும் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவருக்குச் சகிக்கவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு டிரைவைப் பொறுக்கி, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தார். "உன்னுதுன்னு சொல்லி ரிப்பேருக்குக் குடு. எம் பேரு வெளிய வந்துச்சு, தொலைச்சுடுவேன்."

அதுதான் இப்போது சுற்றிக்கொண்டிருந்தது. பிச்சை போட்டாயா என்று தங்கை கேட்டுவிடுவாளோ என்றுதான் பயம்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரரே துக்கம் கேட்க வந்தார்.

"உங்க டிரைவ்தாங்க ஓடுது" என்றாள் தங்கை.

தையல்காரர் பதறினார். "அய்யோ, அது எதுக்கும்மா இப்ப? நிறுத்திடுங்க. எங்கிட்ட கம்ப்யூட்டரே..."

பெரியவர் இருமினார். தையல்காரர் வாயை மூடிக்கொண்டு உள்ளறைப் பக்கம் நழுவினார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "ஏண்ணே அவரை முறைக்கிற? அவருகிட்ட தையல் மெஷினைத் தவிர ஒண்ணும் கிடையாதுன்னு இவருக்குத் தெரியாதா? இது மச்சான் வேலைன்னு சிரிச்சுக்கிட்டேதான் மாட்டினாரு."

பெரியவர் தரையைப் பார்த்தார். "தெரிஞ்சும் எதுக்கு இத்தனை நேரம் ஓட்டணும்?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'மச்சான் எதையும் நம்பமாட்டாரு. ஓரம் வரைக்கும் ஓட்டித்தான் குடுக்கணும்'னாரு."

வெளியே வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். "பெரியவரே, சீக்கிரம் ஆகட்டும். இன்னும் ரெண்டு வீடு இருக்கு எனக்கு."

"அவங்க மட்டும் எழுந்து ஓடிடப் போறாங்களா? வண்டியை நிழல்ல போட்டுட்டு உக்காரு."

"மாமா..." என்றான் மருமகன்.

"பிளக்குல கை வச்சே, கையை முறிச்சுடுவேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கோடு ஓரத்துக்கு வந்திருந்தது. விழுந்தது. டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி முட்டியது. துக்கத்துக்கு வந்தவர்கள் சுவரோரம் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடு எழுந்து, கொஞ்ச தூரம் நடுங்கிப் போய், முடிந்தது. சுற்றுகிற சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது.

தங்கை பொத்தானை அழுத்தினாள். டிரே வெளியே வந்தது. பெரியவர் டிஸ்க்கை எடுத்தார். சூடாக இருந்தது.

மருமகன் பிளக்கைப் பிடுங்கினான். நாலு பேர் மேஜையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். "ஒரு கை பிடிங்க பெரியவரே" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் டிஸ்க்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு, வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.