உறவுமுறை: கடைக்காரர்

மில்லர்புரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சிவனாண்டியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த இளைய மகள் சீனித்தாயும், பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள். "பெத்த தகப்பன அண்ணாச்சிங்கா பாரு" என்று அவர் பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். யாரும் திருத்தவில்லை. அந்தச் செல்லப் பேச்சு ஒருநாள் அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. மனுஷன் கூசாமல் ஒளிந்துகொண்டார்.

எழுபத்து நான்காம் வருஷம், ஆனி மாதம். தாய் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வயது சீனித்தாய்க்கு முதலில் தூக்கம் போயிற்று, பிறகு சாப்பாடு. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுவாள். ஒருநாள் உச்சி வெயிலில் உப்பளத்துப் பாத்திக்குள் இறங்கி நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று அழுதாள். சிவனாண்டி அவளை ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வழியெல்லாம் அவர் மனசு பாதி பிள்ளைமேல், பாதி ஆத்தூர்மேல். மூத்தவள் வடிவம்மாளை ஆத்தூரில் நிச்சயம் பண்ணியிருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். தங்கச்சிக்குப் புத்தி சரியில்லை என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே பேச்சை முறித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொன்னார்.

"ஏளா சீனி, இங்கன யாரு கேட்டாலும் நான் கடைக்கார அண்ணாச்சின்னே சொல்லு. அக்கா கல்யாணம் முடியட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். இந்த நிலைமையில் பிள்ளைக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று அவருக்குப் பயம்.

புன்னைக்காயல்காரியான நர்ஸ் விக்டோரியா நோட்டை விரித்தாள். "கூட வந்திருக்கவரு யாரும்மா?"

"கடைக்கார அண்ணாச்சி" என்றாள் சீனித்தாய், அவர் வாய் திறக்கும் முன்பே.

"தாயில்லாப் பிள்ள. நம்ம கடைக்கு வரும்" என்றார் சிவனாண்டி. பொய் ஒன்றும் இல்லையே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். நோட்டில் உறவுமுறை என்ற இடத்தில் விக்டோரியா 'கடைக்காரர்' என்று எழுதினாள்.

மனநோய் டாக்டர் வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். அந்த மாதம் வரவில்லை. அவர் வரும்வரை இந்த மாதிரிப் பிள்ளைகளை எங்கே வைப்பது என்று யாரும் யோசித்ததே கிடையாது. அழுக்குத் துணி போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டிலைப் போட்டார்கள். இரண்டு தடவை வெளியே ஓடினாள் என்று பாண்டேஜ் துணியால் மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. காத்திருப்பதுதான் வைத்தியம்.

சிவனாண்டி தினமும் நாலு மணிக்குப் பன் வாங்கிக்கொண்டு போவார். சொந்தக்காரர் இல்லை என்பதால் ஜன்னலோடு சரி. அவள் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவாள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பன்னை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேகமாக நடையைக் கட்டுவார். கடையில் யாராவது விசாரித்தால், சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பார்.

விக்டோரியாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூன்று வாரம் பெரிய டாக்டரின் உயிரை எடுத்து ஒரு காரியம் சாதித்தாள். ஜன்னலுக்கே ஓடிவந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, இனிமே இப்படிப் பிள்ளையளக் கட்டிப்போட வேண்டாம்னு டாக்டர் சம்மதிச்சிட்டாரு. வார்டுக்குள்ள காத்தோட்டமா கட்டில், பக்கத்துல ஒரு ஸ்டூல். ஆனா சொந்தத்துல ஒரு ஆள் கூட இருக்கணும். நாப்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி, எங்கன பாக்க? இவட்ட தெனமும் கேக்கேன், எனக்கு யாருமே இல்லங்கா. நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

"விசாரிக்கேன்" என்றார் சிவனாண்டி.

விசாரிக்கிறாராம்! தன் வீட்டு விலாசத்தை ஊரில் தேடப்போனவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை. பருப்பு கேட்டவருக்குப் புளியைக் கட்டிக் கொடுத்தார். நாலு சொல் போதும், பிள்ளை கட்டு அவிழும். அந்த நாலு சொல்லுக்குக் குறுக்கே ஆத்தூர் நின்றது.

நாலாம் நாள் போனார். ஜன்னல் வழியே பன்னை நீட்டினார். அவளால் கையை நீட்ட முடியவில்லை. பாண்டேஜ் துணிக்கு அடியில் தோல் உரிந்து, ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டக்கூட அவளுக்குக் கை இல்லை. சிவனாண்டி பன்னைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"நர்சம்மா, நாந்தான் அவ தகப்பன். நான் இருக்கேன். கட்ட அவுத்து விடுங்க."

விக்டோரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம் பாத்துச் சொல்லுதியளா அண்ணாச்சி? நாளைக்கு ஏதாவது ஆனா கையெழுத்துப் போட்டவருக்குத்தான் கேள்வி." கட்டிலருகே குனிந்தாள். "சீனி, இவரு உனக்கு அப்பாவா?"

"இல்ல. கடைக்கார அண்ணாச்சி."

"கேட்டியளா?" என்றாள் விக்டோரியா.

சிவனாண்டி தரையில் மண்டியிட்டார். "மக்ளே, உள்ளதச் சொல்லிரு. உன்ன அவுத்து விடுவாங்க."

சீனித்தாய் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நர்ஸுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா கல்யாணம் முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல மக்ளே."

"அப்ப கட்டியே இருக்கட்டும். எனக்கு வலிக்கல."

புத்தி சரியில்லை என்று அவர் கொண்டுவந்து தள்ளிய பிள்ளை, மூன்று வாரம் கட்டிலோடு கிடந்து, அவர் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. வாயைத் திறந்து அப்பா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் மூன்று நாள் முன்பே அவிழ்ந்திருக்கும் கட்டு அது. சிவனாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து வார்டில் கிடந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் செய்தி ஆத்தூருக்குப் போய்விடும். போகட்டும்.

எல்லாம் விக்டோரியாவின் காதில் விழுந்திருந்தது. அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நோட்டைக் கொண்டுவந்து 'கடைக்காரர்' என்பதை அடித்துவிட்டுப் பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே எழுதுங்க" என்றாள். "எழுதிட்டு, கட்டையும் நீங்களே அவுருங்க."

எழுதினார். பிறகு முடிச்சில் கை வைத்தார். நாள் முழுக்கப் பொட்டலம் கட்டி அவிழ்க்கிற விரல்கள்தான். அன்றைக்கு அந்த ஒரு முடிச்சை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.