சதுப்பின் மேலே நடந்த பிக்கிள்

ஹெரன் ஸ்லூ நாய்ப்பூங்காவில் பிக்கிள் என்ற பழுப்பு நாய் வேலி தாண்டிப் பறவைகளுக்கென ஒதுக்கிய சதுப்புக்குள் போனதற்கு அபராதம் நானூற்று இருபத்தாறு டாலர் ஐம்பது சென்ட். போனபோது அது தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நடந்தது, கால் நனையவில்லை. வேலி தாண்டினால் குற்றம். எந்த உயரத்தில் என்று சட்டம் கேட்பதில்லை.

புகார் கொடுத்தவர் மார்ஜரி ஸ்டெண்டால். வேலிக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பறவைக் கூடுகளை எண்ணுகிறவர். இந்தப் பக்கத்தார் நாய்களை அவிழ்த்துவிட்டுக் காப்பியோடு நிற்பவர்கள். ஒரு மழைக்காலத்தில் நாய்ப்பீ நிறைந்த பைகள் மார்ஜரியின் கார்க் கதவில் தொங்கின. மறுவாரம் இந்தப் பக்கத்துக் கார்களில் நான்கின் டயரில் காற்று இல்லை.

மார்ச் கடைசிக்குள் பணம் வராவிட்டால் பூங்காவுக்குப் பூட்டு என்றார் பூங்காக் காவலர் டுவைட். அபராதச் சீட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்று பெஞ்சில் இருந்த ஒருவரைக் கேட்டார்.

“யாருது இந்த நாய்?”

“பிக்கிளோட அம்மாவுது.”

“அந்தம்மா பேரு என்னய்யா?”

“அதான் சொல்றேனே, பிக்கிளோட அம்மா.”

“சரி, உம்ம பேரு?”

“ஓட்டிஸோட அப்பா.”

“நக்கலா?”

நக்கல் இல்லை. பதினொரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்தவர் நாய்க்கு எந்தக் காலில் வாதம் என்று தெரியும். மனிதரின் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை; ஓட்டிஸ் என்ற நாயை வளர்ப்பவர் ஓட்டிஸின் அப்பா, அவ்வளவுதான்.

நவம்பரிலிருந்து அந்த அம்மாளைக் காணோம். நாய் மட்டும் காலை ஒன்பதுக்கு வந்து, காற்றில் ஏறி, எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிஸின் அப்பா ஒருநாள் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தொலைபேசி எண்ணைப் படித்தார். அதற்குள் அவருடைய பூட்ஸும் தரையை விட்டு நாலு விரல் எழும்பவே, கையை விட்டுவிட்டார். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

“காசுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டியா? உன்னால எங்க பூங்கா போகுது. கண்ணுல படு, நாறடிக்கிறேன்!” என்று அந்த எண்ணின் குரல்பதிவுப் பெட்டியில் கத்தினார். மற்றவர்களும் முறைவைத்துத் திட்டினார்கள். முப்பத்தோராவது வசவோடு பெட்டி நிறைந்தது.

“பூட்டுற அன்னிக்கு நான் கேக் வாங்கிட்டு வரேன்” என்றார் மார்ஜரி வேலியோரமாக.

“உன் பறவைக்கே ஊட்டு, கிழவி!”

மார்ச் நான்காம் வாரம் ஓட்டிஸின் அப்பா தன் நாயின் கால் சேற்றைத் துடைக்கப் பழைய செய்தித்தாளைப் பிரித்தபோது அதில் பிக்கிளுடைய அம்மாவின் முகம் இருந்தது. லியோனா ஃபிட்ச், வயது எழுபத்தொன்று. எதிர்க்கரை மருத்துவமனையில் நவம்பரில் காலமானார். உறவினர் என்ற இடத்தில் ஒரே பெயர், பிக்கிள்.

ஓட்டிஸின் அப்பா தாளை மடித்து டுவைட்டிடம் கொடுத்தார். பிறகு காரில் உட்கார்ந்து அந்த எண்ணுக்கு மறுபடியும் கூப்பிட்டார். பெட்டியில் இடமில்லை என்றது குரல்.

செத்தவரிடம் வசூலிக்க முடியாது என்று அலுவலகம் அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. பூங்கா திறந்தே இருக்கிறது. இரு தரப்பும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஒன்பது மணிக்குப் பிக்கிள் நாணல்களுக்கு மேலே கடந்துபோகும். அது கடந்து முடியும்வரை மார்ஜரி கூடுகளை எண்ணுவதை நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.