வேலி முனையிலிருந்து பதினோரு எட்டு

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் சவானா நகரில் தங்கை வீட்டில் கிடந்துவிட்டு லுடெல்லா, சுற்றுலா இடமாகிவிட்ட பழைய பண்ணையில் தோட்ட வேலைக்குத் திரும்பினாள். பெரிய வீட்டுக்குப் பின்னால் இருந்த பாக்ஸ்வுட் செடி வேலியைக் காணோம். இருபதடி தள்ளிப் புதுக் கன்றுகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. பழைய இடத்தில் தரையை மூடிக் கிடந்த நீலப்பூக் கொடிகளையும் சுரண்டிவிட்டுப் புல் பதித்திருந்தார்கள்.

"பழைய வரைபடம் ஒண்ணு கெடைச்சுதாம்க்கா," என்றான் கூட வேலை பார்க்கும் ஏமஸ். "இத்தனை வருஷமா வேலி கோணலா நின்னுச்சாம். அந்தக் காலத்து அடிமைங்க சாட்டையடி வாங்கிக்கிட்டே நட்டா கோணாம என்ன செய்யும்?"

லுடெல்லா சிரிக்கவில்லை.

அந்தக் கொடிகளுக்கு அடியில்தான் அடிமைகளாக வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் கிடந்தார்கள். அவள் மகன் கால்வினும் அங்கேதான். நான்கு வயது, காய்ச்சல். அவர்களுக்குக் கல் நடும் வசதி கிடையாது. கடைசியாக அவன் பால் குடித்த கோப்பையை, அவர்கள் வழக்கப்படி உடைத்து அடையாளமாக மண்மேல் வைத்தாள். ஆறு வருடம் முன்பு, பார்வையாளர்கள் குப்பை என்று முகம் சுளிக்கிறார்கள், எடுத்துவிடு என்றார் மேலாளர் ப்ரூயிட். அப்படிப் பொருள் வைத்திருந்த மற்ற பெண்கள் சண்டை போட்டார்கள். அவள் போடவில்லை. வேலி முனையிலிருந்து ஓடைப் பக்கமாகப் பதினோரு எட்டு, கணக்கு அவளுக்கு மனப்பாடம். முதலாளி மாறலாம், வேலி மாறாது என்று நம்பி, கோப்பையைத் தானே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"பழைய முனை எங்க இருந்துச்சு ஏமஸ்?"

"இங்கதான்... இல்லக்கா, அந்தாண்டயோ. பிடுங்குனப்போ ஒரே சேறு."

ப்ரூயிட்டிடம் போனாள். "பழைய வேலிய அளந்து வெச்சிருக்கீங்களா சார்?"

"தப்பா நின்னதை எதுக்கு அளக்கணும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அங்க கிடக்கிற எல்லாரோட நினைவாவும் ஒரு கல் வைக்கப் போறோம், லுடெல்லா."

"எல்லாரும் எனக்கு எதுக்கு சார்? எனக்கு ஒருத்தன் போதும்."

ஞாயிற்றுக்கிழமை கோப்பைத் துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். பழைய முனை இருந்திருக்கலாம் என்று ஓரிடத்தில் நின்று நடந்தாள். முழங்கால் அறுத்த பின் எட்டும் பழைய எட்டில்லை. திரும்பி வந்து, இன்னோரிடத்திலிருந்து நடந்தாள். நடுப்புல்லில் போய் நின்றாள்.

"அம்மா, படம் எடுக்கணும். கொஞ்சம் நகர்றீங்களா?" என்றது ஒரு கல்யாண ஜோடி.

நகரத்தான் நினைத்தாள். அடுத்த எட்டைக் கால்வின்மேல் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.