செண்பக மூலை

மேலைவானின் கதிரவன் பச்சைமலையின் தோளில் கைவைத்துக் களைப்பாறும் பொழுது. தாம்பரத்துத் தொடர்வண்டி நிலையம், அலுவல் முடித்துத் திரும்பும் மாந்தரை அலையலையாய் உமிழ்ந்துகொண்டிருந்தது. பெருநெடுஞ்சாலையின் இருமருங்கும் கடைவிரித்தோர், வாடத் தொடங்கிய கீரையை நீர்தெளித்து எழுப்பி, அப்போதுதான் பறித்ததென்று கூசாது கூறி விலைபேசிக்கொண்டிருந்தனர். அவ்விரைச்சல் சென்று எட்டாத கீழ்த்திசையில், செம்பாக்கத்துப் பேரேரி, தன் கரையெங்கும் புதிதாய் நட்ட மனைக்கற்களின் வெண்டலைகளைக் கண்டு, அழையா விருந்தினரைக் கண்ட இல்லத்தாள்போல் முகம் சுளித்துக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டின் ஆவணித் திங்கள் அது; நெல் விளைந்த நிலமெல்லாம் நாற்பதுக்கு அறுபதாய்க் கூறுபட்டு வீடு விளையத் தொடங்கிய காலம்.

அந்நேரம் இரும்புலியூரில், சாலையை ஒட்டிய ஓட்டுவீட்டின் வாயிலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தனம் என்பாள், தெருமுனையில் தாம்பாளம் ஏந்தி வரும் ஆளைக் கண்டாள். கண்டதும் விரல்கள் நின்றன. ஆறாண்டுகளாக அவள் படி மிதியாத உடன்பிறந்தான் வேதாசலம் அவன். பழுக்காத மாம்பழத்தைப் பழுத்ததென்று விற்கப் போகிறவன் முகத்தில் பூசிக்கொள்ளும் இளநகை ஒன்று உண்டன்றோ, அதை அவன் தொலைவிலேயே பூசிக்கொண்டு வந்தான்.

அந்த ஆறாண்டுப் பகையின் வேர் இது. அவர்தம் தந்தை இறக்கும் வேளையில், செம்பாக்கத்து நிலத்தை மகனுக்கு விடுத்து, “செண்பக மரத்தடி மனை மட்டும் தனத்துக்கு” என்று வாய்மொழியாய்ப் பகர்ந்து கண்மூடினார். எழுத்தில்லை, எல்லைக்கல்லில்லை, மரமே எழுத்து, மரமே எல்லை. பின்னொரு நாள் தனத்தின் கணவன் ஏகநாதன் நெஞ்சுநோயுற்று மருத்துவமனையில் கிடக்க, நாற்பது நாள் கண்ணுறங்காது அவன் கட்டிலருகே கிடந்து அவனை மீட்டுக்கொண்டு திரும்பியவள், தன் பங்கைக் காணச் சென்று திகைத்து நின்றாள். ஈசானிய மூலையில் மரமில்லை, அடிமரமில்லை, செம்மண் கொட்டிச் சமன் செய்த நிலம், துடைத்த கரும்பலகைபோல் வெறுமையாய்க் கிடந்தது. ஊர்ப் பெரியோர் கூடிய அன்று வேதாசலம், பிள்ளையார் சிலையின் முன்னிலையில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, “அங்க எந்தக் காலத்துலயும் மரமே இல்ல” என்று சூளுரைத்தான். அம்மரத்து நிழலில் ஆடுபுலி ஆடியவரெல்லாம் அன்று தத்தம் கால்விரல்களை மும்முரமாய் ஆராய்ந்தனர். அவருள் எவனுக்கு எந்த மூலைமனை வாக்களிக்கப்பட்டிருந்தது என்பதை நாம் கிளறுவானேன்? மனை போனதைக்கூடத் தனம் பொறுத்திருப்பாள். தான் பூப்பறித்து வளர்ந்த மரத்தை இல்லையென்றதனால், தன்னையே பிறக்கவில்லையென்று சொன்னதுபோல் அவளுக்குச் சுட்டது. அந்த வாயே அம்மரத்தை ‘இருந்தது’ என்று சொல்லும் நாளுக்காகவே அவள் உண்டாள், உறங்கினாள்.

“இன்னாக்கா, நல்லா கீறியா?” என்றான் வேதாசலம், தாம்பாளத்தை அவள் முன் வைத்து.

“கீறேன். இன்னா, ஆறு வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிதா? இல்ல, இங்க அக்கான்னு ஒருத்தி இருந்ததே இல்லன்னு சூடம் அணைக்க வந்தியா?”

அவன் அவ்வடியை வாங்கி மடியில் முடிந்துகொண்டான். கொள்ள வந்த பொருள் பெரிதாயின் சின்ன வசைக்கு முகம் கோணுவது வணிகமாகாது. “பொண்ணு பொறந்துகீதுக்கா. கண்ணாலம் ஆயி அஞ்சு வருசம் கழிச்சி. செல்லம்மா வேண்டிக்கினா, பொறந்தா செடிகொடி பேரா ஒண்ணு வைக்கிறேன்னு. அத்தை வாயால கூப்புட்டாத்தான் பேரு நிலைக்குமாம். பெரியவங்கள்லாம் சொல்றாங்கோ.”

“அப்ப உனக்கு நான் வேணாம், என் வாய் மட்டும் வேணும்.”

“அப்டிலாம் இல்லக்கா. தாமரைன்னு வைச்சிடு. அல்லின்னாலும் சரி. துளசி இன்னும் சோக்கா கீது. பட்டுப்புடவை எடுத்து வைச்சிகீறேன், அரக்கு கலரு, உனக்குப் புடிச்சது.”

உள்ளிருந்து ஏகநாதன் இருமிக்கொண்டே குரல் கொடுத்தான்: “பச்சக் கொழந்த விசயம், தனம். போய்ட்டு வந்துரு. பேஜார் பண்ணாத.”

தனம் கீரைத்தண்டை ஒடித்தெறிந்தாள். “வரேன். புடவை உம்பொண்டாட்டியே கட்டட்டும். பேரு நான் வைக்கிறதுதான். இன்னா பேருன்னு முன்னாடி கேக்கக் கூடாது. வைச்ச அப்புறம் மாத்தக் கூடாது. சபையில பத்துப் பேரு எதிர்ல வாக்குக் குடு, அப்புறம் தொட்டில் கிட்ட வரேன்.”

வேதாசலம் புருவம் நெரித்துக் கணக்கிட்டான். மிஞ்சிப்போனால் பாட்டி காலத்துப் பெயரொன்றை வைப்பாள். வீட்டில் செல்லப்பெயர் ஒன்றிட்டு அழைத்தால் போயிற்று. புடவையும் மிச்சம். மலிவாய் முடிந்ததென்ற மகிழ்ச்சியில், இடையில் ஓட்டை பாராது துணி வாங்கியவனாய், “குடுக்கறேன்” என்று கூறி எழுந்தான்.

அன்றுமுதல் தனம், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குபவள் ஒவ்வொன்றையும் காம்பு கிள்ளிச் சொத்தை நோக்குவதுபோல், செடிகொடிப் பெயரெல்லாவற்றையும் மனத்தில் அள்ளிப்போட்டுக் கிள்ளிப் பார்த்தாள். எருக்கு என்று வைக்கலாம், பாழ்மனையில் முளைப்பது. கள்ளி என்று வைக்கலாம். காஞ்சொறி என்று வைத்தால், அழைக்குந்தோறும் அவன் நாவே அரிக்கும். ஈற்றில் நெருஞ்சியைத் தேர்ந்தாள். பொன்னிறப் பூக்காட்டிக் கண்ணைக் கவர்ந்து, நம்பி நடந்தவன் அடியில் முள்ளேற்றும் நெருஞ்சியே தன் தம்பிக்கு ஒத்த செடியென்று தெளிந்து, அப்பெயரை நாவிற்கு அடியில், கொட்டைப்பாக்குப்போல் ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

குழவி பிறந்த முப்பதாம் நாள் செம்பாக்கத்து வீட்டில் மாவிலை ஆடிற்று. பந்தலில் உறவினரும் மனை வாங்கிக் குடியேறிய புதியோரும் நிறைந்திருந்தனர். அவருள் முன்னிருக்கையில் வீற்றிருந்தவர் ஈசானிய மூலைமனையை வாங்கி வீடெழுப்பிய பள்ளியாசிரியர் யக்ஞநாராயணன். வேதாசலம் அனைவர் முன்னும், “எங்கக்கா வைக்கிறதுதான் பேரு, மாத்த மாட்டேன்” என்று வாக்களிக்க, தனம் தொட்டிலை நெருங்கிக் குனிந்தாள்.

குழவி விழித்திருந்தது. எவரோடும் வழக்கில்லாத அக்கண்கள், நெருஞ்சியை நாவில் ஏந்தி வந்தவளை அச்சமின்றி ஏற இறங்க நோக்கின. தனம் ஒருகணம் தயங்கினாள். ‘முள்ளை ஊன்றினால் தைக்கப்போவது இவள் காலிலன்றோ? பள்ளியில் பிள்ளைகள் இவளையே எள்ளும்; அவனோ செருப்பணிந்து நடப்பான்’ என்று எண்ணியவள், அதனால் இளகினாள் என்று கருதிவிடாதீர், அறிவுடையீர். குறி தப்பும் அம்பை விடுத்து, தப்பாத அம்பை எடுத்தாள், அவ்வளவே. பந்தலுக்கு வெளியே ஈசானிய மூலையில் ஆசிரியர் வீட்டின் புதுச்சுவர் வெயிலில் மின்னிற்று. அவள் அதை ஒருமுறை நோக்கிவிட்டு, குழவியின் செவியில் மும்முறை ஓதி நிமிர்ந்து, பந்தல் முழுதும் கேட்க உரைத்தாள்:

“செண்பகம்!”

பெண்டிர் குலவையிட்டனர். ஒன்றும் அறியாச் செல்லம்மா முகம் மலர்ந்து, “எம்மாம் அழகான பேரு! எங்கேர்ந்து புடிச்சீங்க அண்ணி?” என்றாள்.

“தூரமா போவல செல்லம்மா. இந்த வூட்டு ஈசானிய மூலையில.”

கால்விரல் ஆராய்ந்த முதியவர்கள் மீண்டும் தத்தம் கால்விரல்களைத் தேடினர். யக்ஞநாராயணனோ, புதியவராதலின், வெகுளியாய் வாய்திறந்தார்: “அதான் பார்த்தேன்! கடைக்கால் தோண்டறச்சே தொடை கனத்துக்கு வேர் வந்ததே, வேதாசலம் சார்! ஏதோ பழைய முள்ளுமரம்னேளே, ஞாபகம் இருக்கோ? அது செண்பகமா? அடடா, தெரிஞ்சிருந்தா ஒரு கன்னாவது வெச்சிருப்பேனே!”

தனம் மெல்ல நகைத்தாள். “பேஜாரா நிக்காதடா வேதாசலம். அத்தை கூப்ட்டாச்சி. இப்ப அப்பன் மூணு வாட்டி கூப்புடணும், அதான முறை?”

ஆம், அதுவே முறை; வாக்குக் கொடுக்கையில் அவன் மறந்ததும், அவள் மறவாததும் அதுவே. வேதாசலம் தொட்டிலருகே வந்தான். முதன்முறை அழைத்த குரல் கரகரத்தது. இரண்டாம் முறை உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் முறை, சூடம் அணைத்த அதே வலக்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் அக்காளை நோக்காமல் அப்பெயரை உரைத்தான்.

“மனை எனக்கு வேணாம்டா,” என்றாள் தனம், அவன் செவிக்கு மட்டும் கேட்க. “வாத்தியாரு நல்லபடியா வாழட்டும். நீ இத்த டெய்லி கூப்புடு, போதும்.”

செல்லப்பெயரிடும் அவன் சூழ்ச்சியும் செல்லவில்லை. தெய்வத்துக்கு நேர்ந்த பெயரைச் சுருக்கினால் குழந்தைக்கு ஆகாதென்று செல்லம்மா ஒருபோதும் ஒப்பவில்லை. ஆதலின் காலையில் எழுப்பவும், மாலையில் ஏரிக்கரையிலிருந்து அழைக்கவும், வெட்டிய மரத்தை அவன் தன் வாயாலேயே நாள்தோறும் நட்டான். திருநாள்தோறும் வந்த தனம், இசையரங்கில் முன்வரிசை பெற்றவள்போல் அமர்ந்து அதைக் கேட்டாள்.

எட்டாண்டு கழிந்த பொங்கலன்று, சிறுமி செண்பகம் ஏட்டோடு தந்தை முன் வந்தாள்.

“அப்பா, அவுங்கவுங்க பேரப் பத்தி எழுதிக்கினு வரச் சொன்னாங்க டீச்சர். செண்பக மரம் எப்டிப்பா இருக்கும்?”

வேதாசலம் அக்காளை நோக்கினான். தனம் கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு, “கேக்குறா இல்ல? சொல்லுடா. நீ பாத்தத சொல்லு,” என்றாள்.

அவன் நரைத்த மீசையை நீவிக்கொண்டான். பெற்ற மகளிடத்துப் பொய்யுரைக்க அவ்வணிகனுக்கு அன்று வாய் வரவில்லை. “உசரமா இருக்கும். மஞ்சப் பூவு. வாசன தெருக்கோடி வரிக்கும் வரும்,” என்றான், பிறகு, கிணற்றடியிலிருந்து எழுவதுபோன்ற குரலில், “அதோ, அந்த மூலையிலதான் இருந்துச்சி.”

பதினான்கு ஆண்டு காத்த சொல் காதில் விழுந்தது. தனம் கையிலிருந்த கரும்பைக் கீழே வைத்தாள்.

சிறுமி எழுதிக்கொண்டாள், எழுதி முடித்து நிமிர்ந்து, “இப்ப எங்கப்பா அது? இன்னா ஆச்சி?” என்றாள்.

அவன் அம்மூலைச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். விடை கூறச் செய்யும் வலிமையிருந்தும் தனம் அவனைக் கூறச் சொல்லவில்லை; வென்றவள் கை, ஏந்திவந்த சுமையை இறக்கி வைக்க இடம் தேடும் கைபோல் மடியில் வெறுமையாய்க் கிடந்தது. பழி, கொள்ளும்வரை கொள்வோன் உடைமை. கொண்டபின் அது எவர் வீட்டுக் குழந்தையின் கேள்வியாய் வளருமென்று எவரே அறிவார்? மாலை வெயில் ஈசானிய மூலைச் சுவரில் ஏறி மறைந்தது. எழுதுகோலை ஏட்டின்மேல் ஊன்றி, அச்சிறுமி இருவர் முகத்தையும் மாறிமாறி நோக்கியவாறு, விடைக்குக் காத்திருந்தாள்.