அண்ணனைப் பற்றி இரண்டு கதைகள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இதே சம்பவத்தை ஏற்கெனவே இரண்டு கதைகளாக எழுதியிருந்தேன். தொகுப்புக்கு ஒன்றுதான் கேட்டார்கள். எது தேறும் என்று புரியாமல் இரண்டையும் அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இரண்டிலும் வரும் மதகுக் காவலர் அவருடைய கணவர், என் அண்ணன். ஆறு வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் போனவர்.

(“வெள்ளத்தில் போனவர்.” எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது, பாருங்கள்.)

2

முதல் கதையில் மனிதன் ஜெயிக்கிறான். கரண்ட் போய்விட, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறக்கிறான். உள்ளங்கைத் தோல் உரிகிறது. ஊர் பிழைக்கிறது.

இரண்டாவதில் ஆறு ஜெயிக்கிறது. அதே சக்கரம், அதே மழை. மதகு பாதி திறக்கையில் கரை உடைந்து அவனை அடித்துக்கொண்டு போகிறது. கடைசி வரியில் ஆற்றைப் பார்த்துக் கத்துகிறான். அந்த வரியை எழுதிவிட்டு நானே அழுதேன்.

3

மதிய இடைவேளையில் அச்சகத்துக்குப் போனேன். அண்ணி இரண்டு கதைகளையும் அருகருகே விரித்து வைத்திருந்தார். சக்கரம் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் சுற்றுகிறது என்றார். மழை முதல் கதையில்தான் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

“ரெண்டுலயும் உங்க அண்ணன் தண்ணியோட சண்டை போடுறாரு. அன்னைக்கு அவரு சண்டையே போடல தம்பி. உக்காந்து காத்துட்டிருந்தாரு.”

(இங்கே ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அடித்தேன்: “மதகுக்கு உத்தரவு தரும் அலுவலகத்தில் அன்று இருந்த குமாஸ்தா ஒருவன்...” ஒருவன் இல்லை. நான்.)

உத்தரவு இல்லாமல் மதகைத் தொடக்கூடாது. அதைக் கேட்டு அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தார். பெரிய அதிகாரி கூட்டத்தில் இருந்தார். கதவைத் தட்டினால் எரிந்து விழுவாரே என்று பயந்து, முதல் இரண்டு முறையும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கேட்கவே இல்லை.

இது அண்ணிக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

“எனக்கும் போன் பண்ணாரு. தம்பி கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கான், நானா திறந்தா அவனுக்குத்தான் கெட்ட பேருன்னாரு,” என்றார் அண்ணி. பிறகு கேட்டார்: “மூணாவது தடவை எடுத்தியா?”

“எடுக்கல அண்ணி. மணி அடிச்சுது. பார்த்துட்டே இருந்தேன்.”

4

முடிவு ஒன்று: அண்ணி என்னை மன்னிக்கிறார். எழுதினேன், எனக்கே கூசியது.

முடிவு இரண்டு: அண்ணி தாள்களைக் கிழித்து என் முகத்தில் எறிகிறார், நான் தலைகுனிந்து... இதிலும் கடைசியில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டாவது கதையில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தார். தாள்களை அடுக்கிக் கொடுத்தார். வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அதற்குப் பிறகும் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். எப்போதும் போலவே கேட்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு கதைகளையும் தொகுப்புக்குக் கொடுக்கவில்லை. இந்த மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடியுங்கள். அண்ணியை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், என்னையும்தான். ஆற்றை மட்டும் இதில் இழுக்காதீர்கள்.