நாலாவது ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கல்யாண விருந்தில், சாப்பாடு வருவதற்கு முன்னால், நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போனேன். அவ்வளவுதான். யாரோடும் சண்டையில்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. ஆனால் எழுந்து போனது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கதையாக எழுதிப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று எப்போதோ யாரோ சொன்னார்கள். சொன்னவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: "புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்காற்று சிலுசிலுவென்று..." (வேண்டாம். மண்டபம் கடற்கரையில் இல்லை. காற்றும் இல்லை, மின்விசிறிதான் சுற்றியது.)

இரண்டாவது ஆரம்பம்: "இஃப்ஃபத்தின் நிக்காஹ் அன்று எழுநூறு பேருக்கு நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தபோது, பெண்ணைப் பெற்ற ஜரினாவுக்கு ஒரே ஒரு தட்டைப் பற்றித்தான் கவலை."

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

ஜரினாக்கா அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. பதினாலு வருடப் பழக்கம். கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதப் போகிறேன். நேரில் அப்படிச் சொன்னால் எனக்குப் பல் மிஞ்சாது.

தட்டு என்றேன். அவர்கள் அதைச் சஹன் என்பார்கள். பெரிய தாம்பாளம். நடுவில் நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி. சுற்றி நாலு பேர் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நாலு பேர் சேராமல் சஹனைக் கீழே வைக்க மாட்டார்கள்.*

* வேறு ஊர்களில் மூன்று பேர் என்றும் ஐந்து பேர் என்றும் கேள்விப்பட்டேன். ஜரினாக்கா வீட்டில் நாலு. மூன்றாக இருந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதவேண்டி வந்திருக்காது.

3

ஜரினாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் அன்வருதீன், பெரிய மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கு அவர்கள் சொல் அது. தம்பி ஷஃபீக் பிரான்சில் இருக்கிறார். அவர்களுடைய அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் வந்த குடியுரிமை ஷஃபீக்கை அங்கே கொண்டுபோனது.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு மே மாதத்தில், அத்தா இறந்தார். சேதி கேட்டதும் ஷஃபீக் விமானம் பிடித்தார். மறுநாள் சென்னையில் இறங்கி, "ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன், எனக்காக வெச்சிருங்க" என்று போனில் சொன்னார். மதியத் தொழுகை முடிந்த கையோடு காக்கா அடக்கம் செய்துவிட்டார். அந்தத் தகவல் வந்தபோது ஷஃபீக்கின் கார் பிள்ளைச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம்.

"அரை மணி நேரம் உன்னால காத்திருக்க முடியலயா காக்கா?"

அதைக் கேட்டுவிட்டு, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அன்றே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காக்காவைக் கேட்டால், அது அக்கினி வெயில் என்பார். தாமதிக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்பார். அதுவும் நியாயம்தான். இந்த இடத்தில் இருவரில் ஒருவரைக் கொஞ்சம் கெட்டவராக்கியிருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். முயன்றும் பார்த்தேன். [வெளிநாட்டுத் திமிரில் ஷஃபீக்... — அடித்துவிட்டேன். மனிதர் அப்படியில்லை.] [காக்கா எப்போதுமே பிடிவாத... — இதையும்.]

4

(இந்தப் பகுதியில் வருவதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தால் என்பதை யோசிக்காமல் இருக்க முயல்கிறேன்.)

ஜரினாவுக்கு ஒரே மகள். இந்தக் கல்யாணத்தை விட்டால், அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே வருவதற்கு இன்னொரு மௌத்துதான், இன்னொரு சாவுதான், விழ வேண்டும். அது அவளுடையதாகவும் இருக்கலாம். அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

அவர்களைப் பேசவைப்பது நடக்காத காரியம் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிடவைக்கலாம். ஒரே சஹனில் கை வைத்துவிட்டால் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது லேசில்லை என்று நம்பினாள். ஆனால் சுற்றி உட்காருவது சொந்தக்காரர்களாக இருந்தால் எவராவது பழசைக் கிளறுவார், ஒருவர் எழுந்துவிடுவார். வெளியாட்கள் இருந்தால்? வெளியாள் முன்னால் முகம் கோணாத வளர்ப்பு அவர்களுடையது. ஆகவே அலுவலகத்திலிருந்து இரண்டு வெளியாட்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று நான். இன்னொன்று எங்கள் தலைமை எழுத்தர் பலராமன்.

"தம்பி, நீங்களும் பலராமன் சாரும் மொத பந்தியிலயே உக்காந்துடுங்க. எங்க காக்கா பக்கத்துல எடம் வெச்சிருக்கேன்" என்றார் ஜரினாக்கா என்னிடம். தனி மரியாதை என்று நினைத்து நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரு விஷயத்தைத்தான் ஜரினா மறந்துவிட்டாள். அது புரட்டாசி மாதம். பலராமன் புரட்டாசியில் கறியைத் தொடமாட்டார்.

இங்கே எனக்குக் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை திட்டம் போட்டவள், பதினாலு வருடமாகப் பக்கத்திலிருந்து பலராமனின் டிபன் பாக்ஸைப் பார்த்தவள், இதை மறப்பாளா? பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பெற்றவளுக்குத் தன் பெயரே மறக்கும் என்கிறாள் என் மனைவி கலையரசி. சரி என்று ஏற்றுக்கொண்டேன்.

5

காக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே நான். ஜரினாவின் கணவர், ஷஃபீக்கின் தோளில் கைபோட்டு அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, வந்த வேகத்தில் மறைந்தார். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று ஷஃபீக் பார்த்தார். தாடை இறுகியது. ஆனால் எழவில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். எனக்கே தெரியாமல் என் வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

மண்டபத்தைப் பிரித்த திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். திரையை விலக்கி ஜரினா பார்த்துக்கொண்டிருந்தாள். (மருதாணி போட்ட இரண்டு விரல்களைத்தான் நான் பார்த்தேன். அன்று மண்டபத்தில் மருதாணி போடாத பெண்ணே இல்லை என்பது வேறு விஷயம்.)

பரிமாறுகிறவர் ஆவி பறக்கும் சஹனோடு வந்து எங்களை எண்ணினார். "மூணு பேருதான இருக்கீங்க. நாலாவது ஆளு?"

"வந்துடுவாரு" என்றேன்.

சஹன் அடுத்த வட்டத்துக்குப் போனது.

சுற்றிலும் எல்லோரும் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். எங்கள் மூவருக்கு நடுவில் வெறும் விரிப்பு. காக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஷஃபீக் மின்விசிறியைப் பார்த்தார். கறி வாசனையில் எனக்கு வாயூறியது.

"நான் போயி அவரக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.

காக்கா நிமிர்ந்து பார்த்தார். "போயிட்டு வாங்க தம்பி. நாங்க இருக்கோம்."

6

பலராமன் மாடியில், சைவச் சாப்பாட்டு வரிசையில், இலைமுன் உட்கார்ந்திருந்தார்.

"யோவ் செல்வம், புரட்டாசில என்னக் கறி துன்னச் சொல்றியா? உக்காருய்யா, வட சூடா இருக்குது."

"இல்ல சார், கீழ ஒரு ஆளு கொறையுது."

"எழுநூறு பேரு வந்திருக்காங்க, அதுல ஆளா கெடைக்காது? இந்நேரம் ரெண்டு பேர உக்கார வெச்சிருப்பாங்க. நீ போனாலும் ஒனக்கு எடமிருக்காது."

நியாயமாகத்தான் பட்டது. என் முன்னால் இலை விழுந்தது.

இதற்கு முன் எழுதிய மூன்று பிரதிகளில் இந்த இடத்தை 'பலராமனின் வற்புறுத்தலால்' என்று முடித்திருந்தேன். அது பொய். அந்த இரண்டு பேருக்கு நடுவில் திரும்பிப் போய் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். பாயசத்தை இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

7

இறங்கி வந்தபோது முதல் பந்தி எழுந்துவிட்டிருந்தது. விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காக்காவும் இல்லை, ஷஃபீக்கும் இல்லை.

பரிமாறியவரைப் பிடித்துக் கேட்டேன். "ஒரு சஹன் கை படாம அப்படியே திரும்பி வந்துச்சு சார். எந்த வட்டம்னு ஞாபகமில்ல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலாட்சியம்மாவைக் கேட்டேன். "எல்லாம் வழிச்சுத் தொடச்சுத்தான் வந்துது. யாரு ஒங்களுக்கு அப்படிச் சொன்னது?"

இருவரும் என் முகத்தைப் பார்த்து, நேராகச் சொன்னார்கள். இருவரையும் நம்பினேன்.

8

பத்து நாள் கழித்து ஜரினாக்கா வேலைக்கு வந்தார். திட்டத்தையெல்லாம் அன்றுதான் சொன்னார்.

"நீங்க போனப்புறம் பரிமாறுறவரு மூணு தடவ வந்தாரு தம்பி. 'வேற ரெண்டு பேரச் சேத்துடட்டுமா'ன்னு கேட்டாரு. காக்கா ஒத்துக்கல. 'எங்க ஆளு போயிருக்காரு, வரட்டும்'னு சொல்லிட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம்." தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "கடிகாரத்தப் பாத்துக்கினே நின்னேன். ஷஃபீக் ஒரு வார்த்த பேசல. ஆனா எந்திரிக்கவும் இல்ல தம்பி. காக்கா காத்திருக்கறதப் பாத்துக்கினே உக்காந்திருந்தான்."

"அப்புறம்?"

"மாப்ள வீட்டுல கூப்ட்டாங்க, போயிட்டேன். வந்து பாத்தா விரிப்பு சுருட்டிட்டாங்க. காக்காவக் கேட்டேன், 'சாப்டாச்சு'ன்னாரு. ஷஃபீக்கக் கேட்டேன், அவனும் 'சாப்டாச்சு'ன்னான். யாரோடன்னு ரெண்டு பேரும் சொல்லல. செவ்வாக்கெழம ஃப்ளைட் ஏறிட்டான்."

அத்தாவின் அடக்கத்தன்று தம்பிக்காகக் காத்திராத அரை மணி நேரத்தை, அந்த மனிதர் எனக்காக, வடை தின்றுகொண்டிருந்த எனக்காக, காத்திருக்கிறார்.

"நீங்க யாரையாவது இழுத்துக்கினு திரும்பி வந்திருக்கலாம் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

9

முடிவு ஒன்று: பசி பொறுக்காமல் இருவரும் எழுந்து வேறு வேறு வட்டங்களில் போய் உட்காருகிறார்கள். (பரிமாறியவர் சொன்னதோடு பொருந்துகிறது.)

முடிவு இரண்டு: வழியில் போன யாரோ இருவரை ஷஃபீக்கே கூப்பிட்டு உட்காரவைக்கிறார். சஹன் வருகிறது. காக்கா தன் பக்கம் கிடந்த நல்லி எலும்பை விரலால் தம்பியின் பக்கம் தள்ளுகிறார். ஷஃபீக் அதை எடுத்து... (அஞ்சலாட்சியம்மாவோடு பொருந்துகிறது. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே இதன்மேல் நம்பிக்கை வரவில்லை.)

முடிவு மூன்று: நான் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்து, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவருகிறேன். அவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் உட்காருகிறேன். பரிமாறுகிறவர் சஹனோடு வந்து எங்களை எண்ணுகிறார். மூன்று.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. பலராமன் வரமாட்டார். ஜரினாக்கா திரையைத் தாண்டி வர முடியாது. எனக்குத் தெரிந்த வேறு ஆள் இந்தக் கதையில் கிடையாது, இதை வாசிக்கிற உங்களைத் தவிர. நீங்கள் வெளியாள்தான். அதனால்தான் கேட்கிறேன். காக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார். ஷஃபீக் எழவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.